நெடுங்கரையில் ஓடிய தேர்

கேட்க வந்தவர்களே, கொஞ்ச நேரம் மனத்தை இங்கே வையுங்கள். கொடியும் குடையுமாக மன்னர்கள் ஆண்ட காலத்தில் நடந்த கதை இது. எந்த மன்னன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள், கல் தேய்ந்துவிட்டது. அவன் நாட்டின் தென்கோடியில் இருந்த ஒரு சின்ன ஊரின் பெயர் மட்டும் தேயவில்லை. அந்த ஊர் நெடுங்கரை.

ஊருக்கு மேற்கே ஓர் ஏரி. இந்தக் கரையில் நின்று பார்த்தால் அந்தக் கரை தெரியாது. ஏரியின் கரை அவ்வளவு நீளம் என்பதால்தான் ஊருக்கே அந்தப் பெயர். கரை தொடங்கும் மேட்டில் சிவன் கோயில், கோயிலைச் சுற்றி நான்கு வீதிகள். கரைக்குக் கீழே பள்ளத்தில் வயல்கள், வயலில் உழைக்கிறவர்களின் குடிசைகள். மேட்டில் இருந்தவர்கள் பள்ளத்தில் விளைந்ததைத் தின்றார்கள். பள்ளத்தில் இருந்தவர்கள் கோபுரத்தைத் தூரத்தில் நின்று கும்பிட்டார்கள். அந்தக் காலம் அப்படித்தான் இருந்தது.

ஒரு சமயம் அந்த ஊருக்குப் பஞ்சம் வந்தது.

முதல் வருஷம் மழை பொய்த்தது. ஜனங்கள் குதிரில் இருந்த நெல்லைத் தின்றார்கள். இரண்டாம் வருஷமும் பொய்த்தது. விதைநெல்லைத் தின்றார்கள். மூன்றாம் வருஷமும் பொய்த்தது. புளியங்கொட்டையை வறுத்துத் தின்றார்கள். அதுவும் தீர்ந்ததும், கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொரு குடும்பமாக ஊரைவிட்டுப் போகத் தொடங்கினார்கள்.

தெற்கு வீதியில் செக்கு ஆட்டும் வீட்டில் பெரியநாச்சி என்று ஒருத்தி இருந்தாள். ஆட்ட எள் இல்லாமல் செக்கு நின்றுவிட்டது. செக்குமாடும் செத்துவிட்டது. கூலி தேடிக் கிழக்கே போன கணவன் திரும்பி வரவில்லை. அவளுக்கு ஒரே மகள், உமையாள். நடக்கப் பழகி ஓடப் பழகாத வயது.

ஒருநாள் உச்சிவேளையில் குழந்தைக்கு உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. தண்ணீர் தண்ணீர் என்று உதடு அசைந்தது. கிணற்றில் சேறுதான் இருந்தது. பெரியநாச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். உள்ளே அகத்தீசக் குருக்கள் பூசை செய்துகொண்டிருந்தார். அபிஷேகத்துக்கும் நீர் இல்லாமல் ஒரு வில்வ இலையை மட்டும் லிங்கத்தின் மேல் வைத்தார். பெரியநாச்சி கொடிமரத்தடியில் நின்று, கோயிலில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"சாமி, எனக்கு மந்திரம் தெரியாது. இந்த ஊருக்கு மழை குடு. குடுத்தா உனக்கு ஒரு தேர் செஞ்சு, அதுல உன்னை ஏத்தி, எங்க கையால இழுக்கிறோம். இது வாக்கு."

தூணில் சாய்ந்திருந்த ஒருவர், "செக்காட்டுறவ ஊருக்கே சேர்த்து வாக்குக் குடுக்கிறா," என்றார். சிரிக்க அவருக்குத் தெம்பு இல்லை. மறுத்துப் பேச மற்றவர்களுக்கும் தெம்பு இல்லை.

அன்று சாயங்காலம் ஏரிக்கு அப்பால் வானம் கறுத்தது. காற்று திரும்பியது. மண்வாசனை முதலில் வந்தது, பிறகு மழை வந்தது.

முதல் துளி விழுந்தபோது உமையாள் தாயின் மடியில் கிடந்தாள். அடுத்த துளி அவள் உதட்டில் விழுந்தது. அவள் அதை விழுங்கவில்லை.

வீதியெல்லாம் ஜனங்கள் அண்ணாந்து நின்று வாயில் மழையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். செக்கு வீட்டில் ஒருத்தி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

காரியம் முடிந்தபின் ஊர்த்தலைவர் சோலையப்பர் அவள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வாசலில் நின்றார்.

"பெரியநாச்சி, உன் பிள்ளையே போயிட்டா. அந்த வாக்கு உன்னைக் கட்டாது. சாமியும் கேட்க மாட்டார், ஊரும் கேட்காது."

"நான் பிள்ளைக்கு உயிர் கேட்கலை, ஐயா. ஊருக்கு மழை கேட்டேன். வந்துச்சு."

அவள் சொன்னது அவ்வளவுதான். அதற்குமேல் அந்த வாக்கைத் தட்ட அந்த ஊரில் யாருக்கும் துணிவில்லை.

தேர் வேலை தொடங்கியது. மன்னன் தன் காட்டிலிருந்து இலுப்பை மரங்கள் தந்தான். உலகங்காத்தார் என்ற பெருந்தச்சர் தம் உறவினர்களுடன் வந்து ஊரிலேயே தங்கினார். ஊரிலோ அப்போதுதான் பஞ்சம் விட்டிருந்தது. ஒவ்வொரு வீடும் ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டு தச்சர்களுக்குப் படி அளந்தது. கொல்லர்கள் தங்கள் வீட்டுப் பழைய ஏர்க்கொழுவையெல்லாம் உருக்கித் தேருக்கு அச்சு வார்த்தார்கள். பெரியநாச்சியின் செக்கு மறுபடி சுற்றியது. மரத்துக்குப் பூச முதல் எண்ணெய் அவள் வீட்டிலிருந்து போனது.

காட்டிலிருந்து அந்த மரங்களைத் தோளில் வடம் கட்டி இழுத்து வந்தவர்கள் பள்ளத்து ஜனங்கள். கோயில் வாசலில் மரத்தை இறக்கிவிட்டு அவர்கள் விலகி நின்றார்கள். மரம் தேராகிவிட்டால் அதைத் தொடும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

வருஷங்கள் போயின. சில வருஷம் விளைச்சல் நன்றாக இருந்தது, வேலை ஓடியது. சில வருஷம் பூச்சி விழுந்தது, வேலை நின்றது. ஊரில் முணுமுணுப்பும் எழுந்தது. தங்கை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவன், கூரை மாற்றாமல் நனைந்தவன், கடன்பட்டுப் படி அளந்தவன், எல்லோரும் பெரியநாச்சி வீதியில் போகும்போது ஒருகணம் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் குனிந்தபடி போய்விடுவாள். ஒரு வார்த்தையைச் சொன்னதற்காக அத்தனை வருஷம் ஊரின் பார்வையைச் சுமந்தாள்.

மழை பெய்த வருஷம் பிறந்த பிள்ளைகள் ஏர் பிடிக்கும் வயதுக்கு வந்தபோது தேர் முடிந்தது.

அதை எப்படிச் சொல்வேன்? அடித்தட்டில் யானைகள் வரிசையாக நின்று பாரத்தைத் தாங்கின. அதற்குமேல் குதிரைகள் முன்காலைத் தூக்கிப் பாய்ந்தன. அதற்கும்மேல் யாளிகள் வாயைத் திறந்து நின்றன. அந்த வாய்க்குள் உருளும் மரக்குண்டை எப்படி வைத்தார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. ஆளைவிட உயரமான சக்கரங்கள். காலையில் வயலுக்குப் போகிறவன் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போவான். மாலையில் திரும்பும்போதும் பார்ப்பான். முணுமுணுத்தவர்களின் வாயெல்லாம் அடைத்துப்போயிற்று.

தைப்பூசத்தில் தேரோட்டம் என்று நாள் குறித்தார்கள். மன்னன் தானே வந்து வடம் பிடிப்பதாக ஆள் அனுப்பினான்.

அதற்குள் கார்த்திகை வந்தது. மழையும் வந்தது.

பெய்தது, விடவில்லை. மறுபடி பெய்தது, விடவில்லை. ஏரி நிறைந்து, உபரிநீர் வழியும் கலிங்கும் போதாமல், கரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றது. ஒருநாள் காலை, ஊரார் தேருக்கு ஓலை வேய்ந்துகொண்டிருந்தபோது, கரைக் காவலுக்கு நின்ற இருளாண்டி ஓடிவந்தான். பள்ளத்தைச் சேர்ந்தவன். கோயில் வாசலுக்குத் தள்ளியே நின்று சொன்னான்.

"ஐயா, கரை உடைப்பெடுத்துடுச்சு."

எல்லோரும் ஓடினார்கள்.

கரையில் ஒரு மாடு நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. மண்மூட்டைகளைப் போட்டார்கள். வெள்ளம் கொண்டுபோனது. வைக்கோல்போரைச் சரித்துத் தள்ளினார்கள். கொண்டுபோனது. கரையோரத்துப் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். அந்த மரம் ஒரு குச்சிபோலச் சுழன்று உள்ளே போய் மறைந்தது. ஒவ்வொன்றையும் விழுங்கிவிட்டு உடைப்பின் வாய் முன்னைவிட அகலமாகத் திறந்தது.

கீழே பள்ளத்தில் ஆண்களெல்லாம் கரைக்கு வந்துவிட்டதால் குடிசைகளில் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். மேட்டுக்கு வரும் பாதையை வெள்ளம் அறுத்துவிட்டது. கூரைகள் மேல் ஏறி நின்றார்கள். அவர்கள் கூப்பிடுவது மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. கை அசைவதுதான் தெரிந்தது.

"பெருசா ஒண்ணு நடுவுல போய் நின்னாத்தான், அதுல முட்டி மத்தது நிக்கும்," என்றான் இருளாண்டி. "அவ்வளவு பெருசு எது இருக்கு, ஐயா?"

கரையில் நின்ற அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. வீதிக் கூரைகளுக்கு மேலே, மழைத் திரைக்குப் பின்னால், தேர் தெரிந்தது.

எல்லோருக்கும் தோன்றிவிட்டது. சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

இருளாண்டி சோலையப்பரைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்தார். "மன்னர் குடுத்த மரம் அது. நான் எப்படிச் சொல்றது?" கரையிலிருந்து ஒரு வண்டி மண் சரிந்தது.

அவன் பெருந்தச்சரைப் பார்த்தான். உலகங்காத்தார் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் செதுக்கினவன்தான். கோயிலுக்குக் குடுத்தாச்சு. இனி அது என்னுது இல்லை." இன்னும் ஒரு வண்டி மண் சரிந்தது.

அவன் குருக்களைப் பார்த்தான். அகத்தீசர் கண்ணை மூடிக்கொண்டார். "சுவாமிக்கு நேர்ந்தது. நேர்ந்ததைத் திருப்பி எடுக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை." மறுபடியும் மண் சரிந்தது. கீழே ஒரு குடிசை அப்படியே மிதந்து போனது. நல்ல வேளையாக அதன்மேல் யாரும் இல்லை.

அப்போது கூடையில் மண் சுமந்துகொண்டிருந்த பெரியநாச்சி கூடையைக் கீழே போட்டாள். நரைத்த தலையிலிருந்து சேறும் மழையும் வழிந்தன. வாக்குத் தவறினால் மழை நின்றுபோகும், கிணறு சேறாகும், வேறு யார் மடியிலோ ஒரு பிள்ளை உதடு வெடித்துக் கிடக்கும். அத்தனை வருஷமும் அவள் தூக்கத்தில் பயந்தது அதைத்தான். அதை நினைத்துக்கொண்டேதான் அவள் பேசினாள்.

"தேருக்கு வாக்குக் குடுத்தவ நான். போய் அதை இங்கே இழுத்துட்டு வாங்க."

குருக்கள் கண்ணைத் திறந்தார். "பெரியநாச்சி, வாக்குத் தவறினா என்ன ஆகும்னு உனக்குப் பயமில்லையா?"

"பயமாத்தான் இருக்கு, சாமி. பாவம் வந்தா என் தலையில வரட்டும். அன்னிக்கு ஊர் பிழைக்கணும்னு கேட்டேன்." அவள் கீழே கை காட்டினாள். "அதோ கூரை மேல நிக்கிறதும் ஊர்தான்."

எல்லோரும் கோயிலை நோக்கி ஓடினார்கள்.

இதுவரை உங்களுக்கு ஒரு கதை சொன்னேன். இனி நடந்ததைச் சொல்ல என் குரல் எனக்குப் போதாது.

மேளம் இல்லை. சங்கு இல்லை. வெடி இல்லை. மழை ஒன்றுதான். வடத்தைப் பிடித்து ஊரார் இழுத்தபோது, அசையாமல் பிறந்து அசையாமல் வளர்ந்த அந்தத் தேர் ஒரு பெருமூச்சு விட்டதுபோல முனகியது. பிறகு நகர்ந்தது. சக்கரங்கள் உருளும் சத்தத்தில் வீட்டு ஓடுகள் அதிர்ந்தன. வேய்ந்திருந்த ஓலை காற்றில் பறந்து போக, யாளிகள் வாயில் மழைநீர் வழிய, தன் முதல் ஓட்டத்தை அது தொடங்கியது. நான்கு வீதியும் சுற்றவேண்டிய தேர் தெற்கு வீதி முனையில் திரும்பி, ஏரிக்கரையில் ஏறியது.

திரும்பும் இடத்தில் சக்கரம் சேற்றில் இறங்கி நின்றது. அந்த வீதிக்காரர்கள் தங்கள் வீட்டுக் கதவுகளைக் கழற்றிக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் போட்டார்கள். கதவுகள் நொறுங்கின. தேர் நகர்ந்தது.

கரையில் பாதித் தூரம் போனதும் மறுபடி நின்றது. இழுக்கிறவர்களின் கை ஓய்ந்துவிட்டது. பள்ளத்து ஆண்கள் கரையோரமாய், கூடவே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். தங்கள் பிள்ளைகள் கீழே கூரைமேல் நிற்க, பழக்கத்தால் அவர்கள் வடத்தை விட்டு விலகியே நடந்தார்கள்.

குருக்கள் அதைக் கண்டார். "ஏன் சும்மா வர்றீங்க? பிடிங்க," என்றார்.

"சாமி, வடத்துல எங்க கை…" என்று இருளாண்டி தயங்கினான்.

அகத்தீசர் வடத்தைத் தூக்கி அவன் கையில் வைத்து, அவன் விரல்களைத் தம் விரல்களால் மூடினார். அடுத்த கணம் பள்ளத்து ஆண்கள் அத்தனை பேரும் வடத்தில் இருந்தார்கள். வீதிப் பெண்களும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து பிடித்தார்கள். எது யார் கை என்று தெரியாத அளவுக்குக் கைகள் சேர்ந்ததும், இத்தனை நேரம் இழுத்தது வேறு தேரோ என்னும்படி அது ஓடியது.

உடைப்பின் விளிம்பில் மூன்றாம் முறை நின்றது. இந்த முறை தச்சர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தார். வடத்தை அவிழ்த்தார்கள். கரை அங்கே சரிவு. கட்டையை எடுத்தால் போதும், தேர் தானே போய்விடும்.

உலகங்காத்தார் குனிந்து கட்டையில் கை வைத்தார். எடுக்க முடியவில்லை. சக்கரத்தை ஒட்டி, அவர் தலைக்கு நேராக, ஒரு சின்ன யானையைச் செதுக்கியிருந்தார். அவர் அதைத் தடவினார். பெரியநாச்சி வந்து பக்கத்தில் குந்தினாள். அவர் கையை அவள் தொடவில்லை. கட்டையின் மறுமுனையைப் பிடித்தாள்.

"வாங்க, அண்ணே," என்றாள்.

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கட்டை வந்துவிட்டது.

தேர் போனது. அவ்வளவு பெரிய பாரம் அவ்வளவு அமைதியாகப் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. கவிழும், உடையும், புரளும் என்று பயந்தார்கள். அது கவிழவில்லை. நிமிர்ந்தபடியே இறங்கி, உடைப்பின் நடுவில் யானைகள் மூழ்க, குதிரைகள் மூழ்க, யாளிகள் மட்டும் நீருக்குமேலே தெரிய, அமர்ந்தது. பூமி ஒருமுறை அதிர்ந்தது. வெள்ளம் அதன் மார்பில் மோதி, சீறி, இரண்டாகப் பிரிந்து, தளர்ந்தது.

நூற்றுக்கணக்கான கைகள் தாமாகக் குவிந்தன. பிறகு ஒருவன் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டான். இந்த முறை கல் நின்றது. மூட்டை போட்டார்கள். நின்றது. மரம் தள்ளினார்கள். நின்றது. பொழுது சாய்வதற்குள் உடைப்பு அடைபட்டது. கயிறும் தோணியுமாகப் பள்ளத்துக்கு இறங்கி, கூரை மேல் இருந்தவர்களை ஒவ்வொருவராக மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஓர் உயிரும் போகவில்லை. அன்று அவர்கள் கோயில் மண்டபத்தில் படுத்தார்கள். வழக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பெரியநாச்சி கரையில் உட்கார்ந்தவள், அப்படியே மண்மூட்டையில் சாய்ந்து தூங்கிப்போனாள். உமையாள் போன பிறகு அவள் அப்படித் தூங்கியதே இல்லை.

தை பிறந்தது. சொன்னபடி மன்னன் வந்தான். தேர் நிற்கவேண்டிய தேர்முட்டி வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு அவன் முகம் சிவந்தது.

"நான் கொடுத்த மரம் எங்கே? யார் சொல்லி அதைத் தொட்டீர்கள்?"

பெரியநாச்சி வாய் திறப்பதற்குள் சோலையப்பர் முன்னால் வந்தார். "நான் சொன்னேன், மகராஜா. நான் ஊர்த்தலைவன்."

உலகங்காத்தார் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அவர் சொல்லலை. முட்டுக்கட்டையை எடுத்தது நான்."

குருக்கள் வந்தார். "கோயில் பொருளுக்குக் காவல் நான். தண்டனை எனக்கு."

"மூணு பேரும் எனக்காகச் சொல்றாங்க," என்றாள் பெரியநாச்சி. "சொன்னது நான்."

தண்டனைக்கு இத்தனை பேர் போட்டியிட்டு மன்னன் பார்த்ததில்லை. அவன் கோபம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. "எங்கே என்று காட்டுங்கள்," என்றான்.

கரைக்கு அழைத்துப் போனார்கள். ஒருபுறம் ஏரி, ததும்பி நின்றது. மறுபுறம் பள்ளத்தில் அறுப்புக்கு நின்ற நெல், புதிதாக வேய்ந்த குடிசைகள், அடுப்புப் புகை. நடுவில் கல்லும் மண்ணுமாய் எழுந்த கரையிலிருந்து யாளிகள் தலை நீட்டி நின்றன. அவற்றின்மேல் நாரைகள் உட்கார்ந்திருந்தன. மன்னன் வெகுநேரம் பார்த்தான். பிறகு பாதரட்சையைக் கழற்றிவிட்டு நின்றான்.

"இன்னும் மரம் தருகிறேன், தாயே," என்றான். அவன் குரல் இறங்கியிருந்தது. "வேறு தேர் செய்யுங்கள். சுவாமியை ஏற்றி இழுப்பதாகத்தானே உன் வாக்கு? அது நிறைவேற வேண்டாமா?"

அவள் நெஞ்சில் இருந்த முள்ளும் அதுதான். அவள் குருக்களைப் பார்த்தாள்.

அகத்தீசர் மெல்லச் சொன்னார். "மன்னா, பிறந்ததிலிருந்து அவரைத் தொட்டுப் பூசை செய்கிறவன் நான். அன்று இந்தக் கரையில் வடம் என் கையிலும் இருந்தது. அவர் தேரில் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. தேர் ஓடிவிட்டது. நிலைக்கும் வந்துவிட்டது."

மன்னன் அந்தக் கரையில், ஈர மண்ணில், விழுந்து வணங்கினான். ஊரும் வணங்கியது. பெரியநாச்சி மட்டும் நின்றுகொண்டே அழுதாள். அந்த ஊர் அவள் அழுது பார்த்தது அன்றுதான்.

தேருக்கென்று மன்னன் ஒதுக்கியதெல்லாம் கரைக்குக் கல்லாக வந்தது. அடுத்த வருஷம் ஐப்பசியில் மழை வருமா என்று அவள் தினமும் வானத்தைப் பார்த்தாள். மழை அளவாக வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது. அதன்பிறகு அவள் வானத்தைப் பார்ப்பதை விட்டு எள் காயப் போடுவதைப் பார்த்தாள். அந்த ஊருக்கு வேறு தேர் செய்யவே இல்லை. தைப்பூசத்தன்று சுவாமியைத் தோளில் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்து, வெறும் வடத்தைப் பிடித்து, வீதிக்காரர்களும் பள்ளத்து ஜனங்களும் தோளோடு தோளாக உடைப்பு அடைத்த இடம்வரை நடந்தார்கள்.

கேட்டவர்களே, கடவுளுக்கென்று நாம் வைத்திருக்கும் பொருள், ஆபத்தில் நிற்கிறவர்களின் உயிரைக் காக்கும்போதுதான் அவரிடம் போய்ச் சேர்கிறது.